ஆணியில் தொங்கிய பாதங்கள்

நவம்பர் பதினைந்தாம் தேதி விடிந்தால் எங்கள் ஊரில் ஆண் என்று ஒருவன் இருக்கமாட்டான். மான் வேட்டை அன்றுதான் தொடங்குகிறது. முந்தின நாள் சாயங்காலமே பீர்ப் பெட்டி, உருளைக்கிழங்கு மூட்டை, ஆரஞ்சுச் சட்டை எல்லாவற்றையும் வண்டியில் அடைத்துக்கொண்டு காட்டுக்குள் கேம்புக்குப் போய்விடுவார்கள். அங்கே போன் எடுக்காது. எடுத்தாலும் எடுக்கமாட்டார்கள். ஒர்க் ஷாப் பூட்டிக் கிடக்கும். பனி தள்ளுகிற தகட்டை முன்னால் மாட்டிய பிக்கப் வண்டிகள் அத்தனையும் காட்டோரம் வரிசையாக நிற்கும். அந்த இரண்டு வாரத்துக்குள் ஊரில் யார் வீட்டுக் குழாய் உறைந்தாலும், எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் அது பெண்கள் பாடு. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. எனக்குக் குறையாகத்தான் தெரிகிறது. என் அப்பாவும் போகிறவர்தான்.

அந்த வருஷம் ஒரே ஒரு ஆள் ஊரில் மிஞ்சினார். ரூடி ஒயாலா. அதுவும் ஆசைப்பட்டு இல்லை. அக்டோபர் கடைசியில் மான் சுட உட்காருகிற மரப் பரணுக்குப் பலகை அடிக்கிறேன் என்று ஏறிப் பதினாலு அடி உயரத்திலிருந்து விழுந்தார். இடது குதிகால் நொறுங்கிவிட்டது. முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவரும் எதிர் நாற்காலியில் காலுமாக உட்கார்ந்திருந்தார். தலையில் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுத் தொப்பி. வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றமாட்டார். காட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்பி, "அது வெய்ன் துப்பாக்கி. தப்பா சுட்டிருப்பான்" என்பார்.

அவர் மனைவி மார்லிஸுக்கு ஐம்பத்து நாலு வயசு. நாற்பத்திரண்டு கறவை மாடு. நான் அங்கே காலையும் மாலையும் பால் கறக்கப் போய்க்கொண்டிருந்தேன். என் பெயர் கெல்சி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சரித்திரத்தில் பட்டம் வாங்கினேன். வாங்கிக்கொண்டு வந்து மாட்டு மடி துடைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், ரூடி தினமும் சிரித்தார்.

சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பியது. பால் லாரி வந்து பாலை எடுத்துக்கொண்டு வெளியேறிய கையோடு பனி விழ ஆரம்பித்தது. பகல் முழுக்க, ராத்திரி முழுக்க. புதன் விடிகாலையில் நான் தொழுவத்துக்கு நடந்து வந்தபோது பனி இடுப்பளவு. எங்கள் வீட்டிலிருந்து ஒயாலா வீடு கூப்பிடு தூரம்தான். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

பால் கறந்து முடித்துச் சமையலறைக்குள் நுழைந்தோம். போன் அடித்தது. பால் லாரி ஓட்டுகிற லைல். மார்லிஸ் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பூட்ஸைக் கழற்றினாள்.

"மார்லிஸ், பாதை எப்படி இருக்கு?"

"பாதைன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்போ தெரியல."

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் வரணும்."

"வா. யாரு வேண்டாம்னா?"

லைல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு, போன மாசமே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. போன குளிர்ல ரெண்டு தடவ உன் வாசல்ல மாட்டிக்கிட்டேன்ல, அத எழுதி வச்சிருக்காங்க. உன் ஒரு வீட்டுக்காக நான் பதினோரு மைல் உள்ள வர்றேன். இன்னொரு தடவ லாரி சிக்குச்சுன்னாலோ, உள்ள வர முடியாமத் திரும்புனேன்னாலோ, இந்த வீட்ட லிஸ்ட்லேருந்து எடுத்துருவாங்க. நான் சொல்லல, அவங்க சொல்றாங்க."

"எடுத்துட்டா வேற யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாங்க. அது உனக்கே தெரியும்."

தெரியும். எங்கள் பக்கத்தில் பால் எடுக்க வருவது அந்த ஒரே கம்பெனி. லாரி நின்றால் மாட்டை விற்க வேண்டியதுதான். அந்தச் சாலையில் முன்பு ஒன்பது வீட்டில் மாடு இருந்தது. எட்டு வீட்டிலும் அப்படித்தான் முடிந்தது.

"பத்து மணிக்கு வா, லைல்" என்று சொல்லி மார்லிஸ் போனை வைத்தாள்.

சாலைப் பனியை அரசாங்க வண்டி வந்து தள்ளிவிடும். வீட்டிலிருந்து சாலை வரைக்கும் உள்ள நானூறு கஜம் எங்கள் பாடு. ரூடியின் பிக்கப் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் பிக்கப் அக்டோபரிலேயே போய்விட்டது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அதன் அடிச்சட்டத்தைத் தின்றுவிட்டிருந்தது. தகட்டை மாட்டித் தூக்கிய அன்றைக்கே சட்டம் முறிந்து, வண்டி மூக்கைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. வேட்டை முடிந்ததும் வேறு வண்டி பார்க்கலாம் என்று ரூடி சொன்னார். தகடு மட்டும் கொட்டகையில் கிடந்தது. மிச்சமிருந்தது லோடர் மாட்டிய டிராக்டர். அதன் வாளியால் பனி அள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வாளியாக அள்ளி, பின்வாங்கி, கொட்டி, திரும்பி வர வேண்டும். இருட்டோடு கிளம்பி வந்த எனக்கு அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே அலுப்பாக இருந்தது.

மார்லிஸ் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட நேற்றைய பேஸ்டியை அடுப்பில் சூடு பண்ணித் தட்டில் வைத்தாள். காபி ஊற்றினாள். சர்க்கரைக் கட்டி ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சினாள்.

"தகட்ட லோடர்ல மாட்டப்போறேன்" என்றாள்.

ரூடி சிரித்தார். "என்னது?"

"வாளியக் கழட்டிட்டு அந்த எடத்துல தகட்ட மாட்டப்போறேன். வெல்டிங் மிஷின் இருக்கு. இரும்பு இருக்கு."

"வோய் வோய்" என்று தலையில் கை வைத்தார். "தகடு டிரக்குக்குச் செஞ்சது, மார்லிஸ். லோடருக்கு வாளி. டிரக்குக்குத் தகடு. மாட்டுக்கு மடி எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கணும்."

"உன் டிரக்கு எங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"வெய்ன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா வந்து தள்ளிட்டுப் போயிருவான்."

"வெய்ன் எங்க?"

வெய்ன் அவர் தம்பி. போன் எடுக்காத காட்டுக்குள் சீட்டாடிக்கொண்டிருப்பான்.

"ரூடி, நான் உன்கிட்ட யோசன கேக்கல. சொல்றேன்."

"செய்யி. செஞ்சு லோடரையும் ஒடச்சு வையி. படிச்ச பொண்ணு வேற கூட இருக்கா. ஏம்மா கெல்சி, உன் சரித்திரத்துல இதப் பத்தி என்ன போட்டிருக்கு?"

"கால ஒடச்சுக்கிட்டு உக்காந்து யோசன சொன்ன ராஜாவெல்லாம் தோத்துட்டாங்கன்னு போட்டிருக்கு" என்றேன்.

மார்லிஸ் பேஸ்டியைக் கடித்தபடி மூக்கால் சிரித்தாள். ரூடி தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

*

கொட்டகைக்குள் மூச்சு புகையாக வந்தது. மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பற்ற வைத்தோம். அது ஒரு பக்கத்தை வறுக்கும், மறு பக்கம் விறைக்கும்.

ஏழரை அடித் தகடு. வெளியில் மஞ்சள் பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. தகட்டுக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு இரும்புச் சட்டம். முக்கோணத்தின் கூர்முனை தகட்டின் நடுவில். அகலமான அடிப்பக்கத்தில் துளை போட்ட இரண்டு இரும்புக் காது. அந்தக் காதில் பின் கோத்து டிரக்கின் அடியில் மாட்டியிருந்தது. தூக்குவதற்கு மேலே ஒரு கை, அதிலிருந்து ஒரு சங்கிலி. ரூடி அந்தத் தகட்டையே பழசாகத்தான் வாங்கினார். டவுன் பெட்ரோல் பங்குக்காரர் தன் பங்கின் தார்த் தரையில் ஓட்டித் தேய்த்தது. ரூடி அதை வாங்கி முப்பத்தொரு வருஷம். மூன்று பிக்கப் மாறிவிட்டது, தகடு அதேதான்.

மார்லிஸ் முழ அளவில் யோசிக்கிறவள். டேப்பை எடுக்கச் சொன்னால் கையை விரித்துக் காட்டுவாள். நான் டேப் வைத்து அளந்து மாட்டுக்குக் குறி போடுகிற சாக்பீஸால் எழுதினேன். லோடர் கையில் வாளி நாலு பின்னில் நிற்கிறது. அந்த நாலு பின்னுக்கும் பொருந்துகிற மாதிரி தடித்த சானல் இரும்பில் ஒரு சட்டம் செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தின் அடியில் இரண்டு காது வைத்து வெல்டு பண்ணித் தகட்டின் முக்கோணத்தைக் கோக்க வேண்டும். மேலே தூக்குவதற்கு ஒரு கை. அவ்வளவுதான். சொல்லும்போது அவ்வளவுதான்.

"இடம் வலம் திருப்புற பம்பு?" என்று கேட்டேன். டிரக்கில் அதற்குக் கரண்டில் ஓடும் சின்னப் பம்பு இருந்தது.

"பம்பு வேண்டாம். ஓட்ட போட்ட கம்பி ஒண்ணு வச்சுருவோம். எறங்கி ஓட்டையில பின்ன மாத்திக் குத்திக்கலாம். எறங்குனா செத்தா போயிருவோம்?"

வேலையில் இறங்கினாள். கிரைண்டர் பொறி பறந்தது. என் கோட்டில் மூன்று ஓட்டை விழுந்தது. அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு குனிந்தால் வெல்டு அடித்து முடிக்காமல் நிமிரமாட்டாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுப்பா? தொழுவத்துல கம்பி ஒடையும். இவரு நாளைக்கி நாளைக்கின்னுவாரு. மாடு நாளைக்கி வரைக்கும் நிக்குமா?"

பதினோரு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. ரூடி. சமையலறையிலிருந்து கொட்டகை அறுபது அடி. அங்கிருந்து போன் போடுகிறார். மார்லிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, இரும்பைப் பிடிக்கிற வைஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காது எவ்வளவு தடிப்பு வச்ச?"

"முக்கா இஞ்சு."

"ஒரு இஞ்சு வையி."

"ஒரு இஞ்சு இல்ல."

"பழைய கலப்பைலேருந்து வெட்டு. மேல தூக்குற கைக்கு என்ன வைக்கப்போற?"

"சங்கிலி. டிரக்குல இருந்த மாதிரி."

"சங்கிலி வேண்டாம்." போன் முழங்கியது. "முப்பது வருஷமா அந்தச் சங்கிலி கடகட கடகடன்னு என் உயிர வாங்கியிருக்கு. ஆட்டம் இருந்தா ஒடயும். ஒரு இரும்புப் பாரு வச்சு இறுக்கி வெல்டு பண்ணு. லோடருக்கு வேணுங்குற மாதிரி மேலயும் தூக்கும், கீழயும் அழுத்தும். டிரக்குல அழுத்த முடியல, தன் கனத்துக்குத்தான் உக்காரும். லோடர்ல அழுத்தலாம். சுரண்டிக்கிட்டு வந்துரும். தரை பளபளன்னு தெரியும்."

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் ஓட்டின ஆள் சொல்கிறார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு இன்றைக்கும் என் மீது கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆள் போடுகிற அதட்டலில் அறிவு இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

பாருக்கு இரும்பு தேடிக் கொட்டகைச் சுவரோரம் போனேன். பழைய சேணத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் கம்பி கோத்து மூன்று இரும்புச் சாமான்கள் தொங்கின. அடியில் வட்டமான தட்டு, மேலே உருண்ட தண்டு. குடைக் காளானைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. மேலே அதே மஞ்சள் பூச்சு. ஒரு கீறல் இல்லை.

"இது என்ன?"

மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "தகட்டோட வந்ததுன்னு நெனைக்கிறேன். ரூடி, ஆணியில மூணு தொங்குதே, காளான் மாதிரி, அது என்ன?"

"பாதம்" என்றது போன். "தகட்டுக்கு அடியில மாட்டுறது. தகட்டத் தரையிலேருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தும். அது தேவையில்லாதது. மாட்டுனா அடியில அரை இஞ்சு பனி நின்னுரும். பாக்க அசிங்கமா இருக்கும். பெட்ரோல் பங்குக்காரரும் மாட்டல, நானும் மாட்டல."

மறுபடி அதை ஆணியில் மாட்டினேன்.

*

இரண்டரை மணிக்கு முடிந்தது. அழகாக இல்லை, ஆனால் நின்றது. வாளியைக் கழற்றி, சட்டத்தைக் கோத்து, தகட்டைத் தூக்கினோம். டிராக்டர் முனகியது, தூக்கிவிட்டது. மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான்.

"நீ ஓட்டு" என்றாள்.

"நீங்க ஓட்டுங்க."

"நான் எப்பவும் வெளிய நின்னுதான் பழக்கம். ரூடி ஓட்டுவாரு, நான் பனி அள்ளுற ஷவலோட கூடப் போவேன். வெளியிலேருந்து பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்."

நான் ஏறினேன். தொழுவ வாசலிலிருந்து பால் அறைப் பக்கமாகத் தகட்டை இறக்கினேன். லீவரை முன்னால் தள்ளினேன். அழுத்தியது. ரூடி சொன்ன மாதிரியே அழுத்தியது. டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் மெல்ல மேலே எழுந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சும்மா சுற்றியது. நிலம் இன்னும் உறையவில்லை. மேலே மூன்றடி பனி, அடியில் ஈரச் சரளை. தகட்டின் விளிம்பு சரளைக்குள் இறங்கிக் கடித்துக்கொண்டது. பனியோடு கல்லும் மண்ணும் சுருண்டு வந்து பக்கத்தில் கொட்டியது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் டிராக்டர் தானாகப் பக்கவாட்டில் வழுக்கிப் பால் அறையின் சிமெண்டுப் படியில் தகட்டின் மூலையை மோதியது. படீர் என்று ஒரு சத்தம். வலப்பக்கக் காது விரிந்து தொங்கியது.

இன்ஜினை அணைத்தேன். கீழே இறங்கித் திட்ட ஆரம்பித்தேன். யாரை என்று இல்லாமல் திட்டினேன்.

மார்லிஸ் உடைந்த காதைப் பார்க்கவில்லை. தகடு ஒதுக்கிக் கொட்டியிருந்த குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷவலால் குத்தினாள். சரக் என்றது. பாதிக்கு மேல் சரளை. ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். பாதையின் பக்கத்துப் புல்வெளியைப் பார்த்தாள். அங்கே பனி மூடிக் கிடந்தது. மறுபடி கல்லைப் பார்த்தாள்.

"கெல்சி."

"ம்."

"வசந்தத்துல பனி உருகுன பெறகு நான் என்ன பண்ணுவேன், நீ பாத்திருக்கல்ல?"

பார்த்திருக்கிறேன். ஊரே பார்த்திருக்கிறது. ஏப்ரல் வந்தால் மார்லிஸ் ஒயாலா இரும்புப் பல் வைத்த வாருகோலோடு பாதையோரப் புல்லில் நிற்பாள். நானூறு கஜமும் இரண்டு பக்கமும். புல்லுக்குள் புதைந்த சரளைக் கல்லை வாரி, கூட்டி, தள்ளுவண்டியில் அள்ளி, திரும்பப் பாதையில் கொட்டுவாள். கல் கிடந்தால் புல் அறுக்கும் மிஷின் கத்தி போய்விடும். இரண்டு வாரம் ஆகும். போன ஏப்ரலில் அவள் தோள்பட்டைக்கு ஊசி போட்டுக்கொண்டு வாரினாள். பனி தள்ளினால் கல் வரத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா வாருவாள். நானும் வாரியிருக்கிறேன்.

"நாப்பது வண்டி" என்றாள் மார்லிஸ். "ஒவ்வொரு வருஷமும்."

அவள் விறுவிறு என்று கொட்டகைக்குள் போய் ஆணியிலிருந்து அந்த மூன்று பாதத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தகட்டின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கீழே மூன்று குழல். துருவும் சேறும் அடைத்துக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தோண்டினாள். ஒரு பாதத்தின் தண்டைச் செருகினாள். சரியாகப் போய் உட்கார்ந்தது.

அப்போது பின்வாசல் கதவு திறந்தது. ரூடி. அக்குளில் வைக்கிற இரண்டு கட்டையையும் ஊன்றிக்கொண்டு, மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, ஆரஞ்சுத் தொப்பியோடு பனியில் நின்றார்.

"என்னடி ஒடச்சீங்க?"

"நீ உள்ள போ. விழுந்தா நான் தூக்கமாட்டேன்" என்றாள் மார்லிஸ்.

"காது கிழிஞ்சிருச்சா? நான் ஒரு இஞ்சு வைன்னேன்ல."

"ரூடி, இங்க வா."

அவர் வந்தார். வருவதற்கு நேரமாகியது. நான் போய்ப் பிடிக்கவில்லை. மார்லிஸ் ஷவல் நிறையச் சரளையை அள்ளி அவர் முன்னால் கொட்டினாள்.

"இது என்ன?"

"சரள. இன்னும் தரை ஒறையல, அதான். வழக்கமா வர்றதுதான்."

"வழக்கமா. இத வழக்கமா யாரு வாருறா?"

"என்ன மார்லிஸ், இப்போ போயி..."

"அந்த பாதத்த மாட்டியிருந்தா இது வந்திருக்குமா? வந்திருக்காதா? அத மட்டும் சொல்லு."

ரூடி தகட்டைப் பார்த்தார். செருகியிருந்த பாதத்தைப் பார்த்தார். தகட்டின் விளிம்புக்கும் பாதத்தின் அடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. அவர் அந்தத் தகட்டை வெளியே நின்று பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பார்த்தது எல்லாம் உள்ளே இருந்து, கண்ணாடி வழியாக, தனக்கு முன்னால் கறுப்பாகத் தெரிகிற தரையை.

"நம்மூர்ல யாரும் மாட்டுறதில்ல" என்றார். "பாதை சுத்தமா இருக்கணும்ல. பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"பாக்குறவன் ஏப்ரல்ல வந்து வாருனானா?"

காட்டில் ஒரு வெடி கேட்டது. அவர் திரும்பவில்லை.

"எத்தன வருஷம், ரூடி?"

"முப்பத்தொண்ணு" என்று நான் சொன்னேன்.

"உன்ன யாரும் கேக்கல" என்றார் என்னிடம். குரலில் வேகம் இல்லை.

மார்லிஸ் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தாள். அழுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. "மணி மூணே கால். அஞ்சுக்குக் கறக்கணும். அந்த இரும்புப் பார வெட்டி எடுக்குறேன். சங்கிலி வைக்கிறேன். அது கடகடன்னா கடகடன்னு இருக்கட்டும். தகடு தன் கனத்துல உக்காந்தாப் போதும், நாம அழுத்த வேண்டாம். ரூடி, உனக்கு வேல வேணும்னா அந்த ஸ்டூல்ல உக்காந்து மிச்ச ரெண்டு குழல நோண்டு. இல்லன்னா உள்ள போயி துப்பாக்கிச் சத்தம் கேளு."

அவர் கொஞ்ச நேரம் கட்டைகளின் மேல் ஆடிக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். மாவுக்கட்டுக் காலை ஒரு பால் கேனின் மேல் தூக்கி வைத்தேன். அந்த உதவி மட்டும் செய்தேன். துரு தோண்டினார். அந்த இரண்டு குழலுக்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது, துரு அவ்வளவு இறுகியிருந்தது.

பாரை வெட்டினோம். மரம் இழுக்கிற தடித்த சங்கிலியை மேல் கையிலிருந்து தொங்கவிட்டோம். காதுக்குப் பழைய கலப்பையிலிருந்து ஒரு இஞ்சு இரும்பை வெட்டி வைத்தாள். அது மட்டும் ரூடி சொன்னது, அது மட்டும் சரியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தகட்டை இறக்கிப் பார்த்தோம். சங்கிலி ஒரு சாண் தொங்கலாக நின்றது. தகட்டைக் காலால் உதைத்தால் அது பாட்டுக்கு ஏறி இறங்கியது. லோடர் கை அந்த உயரத்தில் நிற்கும்போது, அசையும் மூட்டுக்கு நேராக அதே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.

"இந்தக் கோட்டத் தாண்டி எறக்காத" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அங்க பெயிண்டு அடிச்சுரு. சாக்பீஸ் அழிஞ்சுரும்" என்றார் ரூடி ஸ்டூலிலிருந்து.

மார்லிஸ் பெயிண்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

*

வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கறந்து முடித்தோம். தொட்டியில் பால் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. சாயங்காலப் பாலுக்கு இடம் கிடையாது. இரவில் மேலும் ஒரு சாண் விழுந்திருந்தது.

நான் ஓட்டினேன். மார்லிஸ் முன்னால் ஷவலோடு நடந்தாள். கோட்டில் நிறுத்தினேன். தகடு உட்கார்ந்தது. பனி சுருண்டு வலப்பக்கம் விழுந்தது. வெள்ளையாக விழுந்தது. சங்கிலி கடகடவென்று அடித்தது. முன்சக்கரம் தரையில் இருந்தது, திருப்பினால் திரும்பியது. மூன்றடிப் பனியை ஒரே மூச்சில் தள்ள முடியவில்லை. மேல் பாதியை ஒரு முறை, கீழ்ப் பாதியை ஒரு முறை. கரையைத் தகட்டால் தூக்கி இன்னும் அப்பால் தள்ளினேன். டிரக்கால் அது முடியாது. ஜனவரியில் கரை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும்போது அந்த இடம் வேண்டும். ஒரு கல்லில் தகடு மோதியது. அதன் ஸ்பிரிங் மடங்கி, தகடு முன்னால் சாய்ந்து எழுந்தது. ஒன்றும் உடையவில்லை.

பாதை முழுக்க அரை இஞ்சுப் பனி நின்றது. சக்கரம் ஏறி இறங்கி அது கட்டியாகிவிட்டது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. சறுக்காமல் இருக்க மார்லிஸ் அடுப்புச் சாம்பலை வாளியில் கொண்டுவந்து வளைவில் தூவினாள்.

ஒன்பது ஐம்பதுக்குச் சாலை முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். லைலின் லாரி அங்கே இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒதுங்கினேன். லாரி பதினெட்டுச் சக்கரத்தோடு உள்ளே திரும்பியது. வளைவில் பின்சக்கரம் ஒரு முறை நழுவியது. மார்லிஸ் ஷவலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். சக்கரம் சாம்பலைக் கவ்வியது. ஏறிவிட்டது.

பால் அறையில் குழாயை மாட்டியதும் லைல் லோடரைச் சுற்றி வந்தார்.

"ரூடி வேலையா? ஒடஞ்ச கால வச்சுக்கிட்டே செஞ்சுட்டாரே."

"ரூடி ரெண்டு குழல்ல துரு எடுத்தாரு" என்றேன்.

லைல் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். தொட்டியின் அளவுகோலைப் பார்த்துச் சீட்டு எழுதி மார்லிஸிடம் நீட்டினார். "சனிக்கெழம பாப்போம்."

"பாப்போம்."

டிசம்பர் ஒன்றாம் தேதி ஆண்கள் திரும்பி வந்தார்கள். மறுநாளே ரூடியின் தம்பி வெய்ன், என் அப்பா, இன்னும் இரண்டு பேர் லோடரைச் சுற்றிக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்கள். காது இடம் தப்பு, சட்டம் கனம் அதிகம், பம்பு இல்லாமல் எப்படி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரூடி கட்டையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தச் சங்கிலி ரொம்பத் தொங்குது" என்றான் வெய்ன். "அடிச்சே காத ஒடச்சுரும். ரெண்டு கண்ணி ஏத்திக் கட்டணும். அடியில இது என்ன, காலு? இதக் கழட்டு மொதல்ல. பாதை பூரா பனி நிக்குது பாரு, வெக்கமா இல்ல?" குனிந்து கையை நீட்டினான்.

ரூடி ஒரு கட்டையைத் தூக்கி அவன் மணிக்கட்டுக்குக் குறுக்கே வைத்தார்.

"தொடாத."

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத. ஏன்னு போயி உன் பொண்டாட்டியக் கேளு."

வெய்னுக்குப் புரியவில்லை. என் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் எங்கள் கொட்டகையில் அந்தப் பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாராம்.

ஏப்ரலில் பனி உருகியது. ஒரு நாள் காலைக் கறவை முடிந்ததும் மார்லிஸ் வாருகோலையும் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். ரூடி சமையலறையில் இருந்தார். மாவுக்கட்டு எப்போதோ பிரித்தாகிவிட்டது, லேசாக நொண்டினார்.

"ஒரு வண்டி தேறும்" என்றாள். வாருகோலை அவர் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். "நீ வாரு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு எழுந்து போனார். மார்லிஸ் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். ரூடி குனிந்தார், வாரினார், நிமிர்ந்தார், இடுப்பைப் பிடித்தார், குனிந்தார். பதினோரு மணி வரைக்கும் ஆனது.

உள்ளே வந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். இரண்டு கொப்புளம்.

"முன்னல்லாம் நாப்பது வண்டியா?" என்றார்.

"சில வருஷம் நாப்பத்தஞ்சு."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்து காபி ஊற்றினேன். மார்லிஸுக்கு.